பொருள்: அப்சைக்கிளிங் – தமிழில் என்ன? (நாளை அச்சுக்கு!)

தே.: நண்பர்களே, பத்தாம் வகுப்புக்குப் பாடக்குறிப்பு எழுதுகிறேன். மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் சகோதரிகள் 2005இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) பவளப்பாறைதான் எடுத்துக்காட்டு. ஒரு பகுதியில் பிளாஸ்டிக் பை, பழைய வீடியோ நாடாவெல்லாம் கலந்து பின்னியிருக்கிறார்கள். கடலைக் கெடுக்கும் குப்பையைக் குப்பையாலேயே காட்டுகிறார்கள். இன்னொன்று முழு வெள்ளை: கடல்நீர் சூடேறி, உள்ளே வாழும் பாசி வெளியேறியதும் வெளுத்துப்போகும் பவளம். கழிவை இப்படி உயர்த்துவதற்கு என்ன சொல்? மறுசுழற்சி என்றால் பிள்ளைகள் உருக்கி வார்ப்பதை நினைப்பார்கள்.

செ.: மேல்சுழற்சி. முடிந்தது.

க.: முடியவில்லை. பையைக் கீறிப் பின்னினால் அதில் சுழல்வது எது? பொருநராற்றுப்படையில் 'வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்' வருகிறது: வேறு நூல் ஓடி ஓடித் தைத்த கந்தை. சிலம்பில் துன்னகாரர், அதாவது தையற்காரர், உண்டு. துன்னு என்றால் தைத்தல், நெருங்குதல் இரண்டும்தான். ஆகவே துன்னாக்கம்.

செ.: ஐயா, அந்தப் பாட்டில் கரிகாலன் அந்தச் சிதாரைக் களைந்துவிட்டுப் பாம்புச் சட்டை போன்ற புது ஆடை அல்லவா கொடுத்தான்? கந்தையை உயர்த்தவில்லையே! தவிர, வடமொழியில் தையற்காரனுக்குத் துன்னவாய என்று பெயர். தனித்தமிழ் என்று சத்தியம் செய்வீர்களா?

க.: அவர்கள் நம்மிடம் வாங்கியிருக்கக் கூடாதா? தனி இழையில் எழுதுகிறேன்.

ந.: பவளம் நகைக்கல்லோ? எங்கட பக்கம் முருகைக்கல் என்றுதான் புழக்கம்.

க.: அருமை! முருகு…

வா.: ஐயா, முருகனிடம் போக வேண்டாம். தே., இந்தப் பின்னலுக்குள் இருக்கும் கணக்கை விட்டுவிடாதீர்கள். 1997இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதவியலாளர் டைனா டைமினா கண்ட முறை அது. வரிசைக்கு வரிசை கண்ணியைக் கூட்டிக்கொண்டே போனால் துணி தட்டையாக நிற்காது, ஓரம் சுருண்டு சுருண்டு மடியும். கணிதத்தில் அதற்குப் பெயர் அதிபரவளையத் தளம். நீங்கள் கேட்ட சொல்லுக்கு, மதிப்பேற்றம்?

செ.: மதிப்பேற்றம், மதிப்புக்கூட்டு என்றாலே தக்காளித் தொக்கு ஞாபகம்தான் வரும்.

ந.: மேல்சுழற்சியே போடுங்கோ. பிள்ளையளுக்கு விளங்கும்.

வா.: சரி, நானும்.

தே.: மூவர் சொல்லிவிட்டீர்கள். மேல்சுழற்சி என்றே அனுப்பிவிட்டேன். முருகைக்கல்லை அடைப்புக்குறியில் சேர்த்திருக்கிறேன். நன்றி.

க.: அனுப்பியது அனுப்பியதாக இருக்கட்டும். சுழல்வது எது என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.