கயிற்றில் ஆள் தொங்கும் வேலைக்கு ஒற்றை எஞ்சின் போதுமா?

அருவி:
ஆஸ்திரேலியாவின் ஆர்னெம் லேண்டில் 2022 பிப்ரவரி 28 அன்று நடந்த விபத்து இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. முதலை முட்டை எடுக்கப் போன ராபின்சன் ஆர்44 ஹெலிகாப்டர். அதன் அடியில் 100 அடிக் கயிறு, கயிற்று முனையில் முட்டை எடுப்பவர். கிங் ஆற்றுப் பக்கம் எஞ்சின் நின்றுபோனது. விமானி கயிற்றைப் பிடித்திருந்த கொக்கியை விடுவித்தார். தொங்கியவர் இறந்துவிட்டார். மரங்களுக்குள் விழுந்த விமானி படுகாயத்தோடு பிழைத்தார்.

என் நிலைப்பாட்டை நேராகவே சொல்கிறேன். ஒற்றை பிஸ்டன் எஞ்சினை நம்பி ஒரு மனிதரைக் கயிற்றில் தொங்கவிடுவதைச் சட்டம் போட்டு நிறுத்த வேண்டும். எஞ்சின் நின்றால் விமானிக்கு விசிறியைக் காற்றில் சுழலவிட்டு இறங்க ஒரு வாய்ப்பாவது உண்டு. கீழே இருப்பவருக்கு என்ன உண்டு?

கரிசல்காடு:
அருவி அக்கா, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் 2023 நவம்பரில் வந்த விசாரணை அறிக்கையை ஒரு முறை படித்துவிடுங்கள். வழியில் இருந்த கிடங்கில் எரிபொருள் நிரப்பாமல் போயிருக்கவே வாய்ப்பு அதிகம், தொட்டி வற்றித்தான் எஞ்சின் நின்றது என்பது அவர்கள் முடிவு. தொட்டி வற்றினால் இரண்டு எஞ்சினும்தான் நிற்கும்.

ஆர்னெம் லேண்ட் இருக்கும் வடக்குப் பிரதேசத்தில் ஆர்22 என்ற சின்ன ராபின்சன் ஹெலிகாப்டரை வைத்து 9 வருடம் மாட்டு மந்தைகளை மடக்கியவன் நான். அந்தச் சதுப்பை மேலிருந்து பார்த்திருக்கிறேன். மழைக்காலத்தில் கூடு இருக்கும் இடத்துக்குப் படகு போகாது. நடந்து போனால் தாய் முதலை பக்கத்திலேயே கிடக்கும். அந்த நிலத்தின் பழங்குடி உரிமையாளர்களுக்கு முட்டைக்கு இவ்வளவு என்று பணம் போகிறது. தடை போட்டால் அந்த வருமானமும் நிற்கும். அமெரிக்காவில் மின்கம்பி வேலைக்காரர்கள் எம்டி 500 ஹெலிகாப்டரின் அடியில் தொங்கித்தான் வேலை செய்கிறார்கள். அதுவும் ஒற்றை எஞ்சின்தானே?

அருவி:
எம்டி 500-இல் இருப்பது டர்பைன், ஜெட் விமானத்தில் இருப்பது போன்ற சுழலி எஞ்சின், தம்பி. பிஸ்டனோடு அதை ஒன்றாக வைக்காதீர்கள்.

அப்புறம், எஞ்சின் எதனால் நின்றது என்பது ஒரு கேள்வி. நின்ற பிறகு என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. எல்லா ஹெலிகாப்டர் கையேட்டிலும் உயரத்தையும் வேகத்தையும் வைத்து ஒரு வரைபடம் இருக்கும், அதில் நிழலிட்ட பகுதி ஒன்று இருக்கும். அங்கே எஞ்சின் நின்றால் பத்திரமாக இறங்குவதற்கு உத்தரவாதம் இல்லை. 100 அடிக் கயிற்றில் ஆளை வைத்துக்கொண்டு வேகமே இல்லாமல் நிற்கும்போது நீங்கள் அந்த நிழலுக்குள்தான் நிற்கிறீர்கள். ராபின்சன் விசிறி எடை குறைந்தது. விசிறி இறகுகளின் சாய்வை மாற்றும் நெம்புகோலான கலெக்டிவைத் தாழ்த்த ஓரிரு நொடிதான் கிடைக்கும்.

நீங்கள் சொல்லும் அதே அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. அங்குள்ள சிவில் விமானப் பாதுகாப்பு ஆணையம் இந்த வேலைக்குக் கொடுத்த அனுமதியில் முதலில் உயரம், வேகம், எடைக்கு வரம்பு இருந்தது. பிறகு அவை நீக்கப்பட்டன. ஏன் நீக்கினார்கள்?

பட்டறை_மணி:
இருவரும் மேலே பறப்பதைப் பேசுகிறீர்கள். நான் தரையில் நிற்பவன், பராமரிப்புப் பொறியாளர். என் பக்கத்தையும் கேளுங்கள்.

ஆர்44-இல் எரிபொருள் குறைந்தால் எரியும் விளக்கு, ஏறக்குறைய 3 கேலன் மிச்சம் இருக்கும்போது எரியும். சாதாரணப் பயணத்தில் அது பத்து நிமிடம். ஒரே இடத்தில் நின்று தூக்கும்போது எஞ்சின் அதைவிட அதிகம் குடிக்கும். அந்த விளக்கை வைத்து வேலையைத் திட்டமிடவே கூடாது. தொட்டியில் குச்சி விட்டு அளந்து பார்க்க இரண்டு நிமிடம் ஆகுமா?

அடுத்தது ஹவர் மீட்டர், அதாவது எத்தனை மணி நேரம் பறந்தது என்று காட்டும் கருவி. ராபின்சனில் 2,200 மணி அல்லது 12 ஆண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது முழு ஓவர்ஹால், அதாவது முழுவதும் பிரித்துப் புதுப்பிக்கும் வேலை. அதற்குச் செலவு மிக அதிகம். அதனால் மீட்டர் இணைப்பைக் கழற்றிவிட்டுப் பறக்கும் ஆசை சிலருக்கு வருகிறது. இந்த விபத்தை ஒட்டி 2025-இல் டார்வினில் நடந்த வழக்கிலும் அரசுத் தரப்பு இதையே சொன்னது. விபத்துக்கு அது காரணம் என்று நான் சொல்லவில்லை.

என் கையில் வந்த ஒன்றைச் சொல்கிறேன். 100 மணி நேரப் பறப்புக்கு ஒரு முறை செய்யும் சோதனைக்கு ஒரு பண்ணையின் ஆர்22 வந்தது. பதிவேட்டில் 96 மணி. ஆனால் எஞ்சினிலிருந்து விசிறிக்குச் சக்தி கொண்டுபோகும் வி-பெல்ட்டின் ஓரம் நைந்து நூல் தெரிந்தது. அந்தப் பண்ணை வாங்கிய பெட்ரோல் ரசீதைக் கேட்டேன். மணிக்குச் சுமார் 35 லிட்டர் என்று வைத்தாலும் 96 மணிக்கு 3,400 லிட்டருக்குள்தான் வர வேண்டும். ரசீதில் 5,000-க்கு மேல் இருந்தது. மிச்சம் பீப்பாயில் இருக்கிறது என்றார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. வேறு பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். அதை ஓட்டிய பையனுக்கு இருபத்திரண்டு வயது, அவனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

கரிசல்காடு:
மணி அண்ணே, அந்தப் பையன் இடத்தில் நானும் இருந்திருக்கிறேன். பதிவேட்டில் உள்ளதை நம்பித்தான் ஏறி உட்காருவோம். வேறு வழி இல்லை.

வரம்பு நீக்கிய விஷயத்தில் அக்கா சொல்வதை ஏற்கிறேன். அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். முழுத் தடை மட்டும் வேண்டாம். கயிற்றைக் குட்டையாக்கி, தொங்குபவரின் கால் தண்ணீருக்குச் சில அடி மேலே இருக்கும்படி மெதுவாகப் போகலாம். இடம் மாற்ற வேண்டுமென்றால் ஆளை உள்ளே ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

அருவி:
கயிற்றைக் குட்டையாக்கினால் விசிறிக் காற்று கூட்டையும் புல்லையும் கலைக்கும், மரமும் பக்கத்தில் வரும். அதற்காகத்தானே நீளக் கயிறு வந்தது? என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

ஆனால் மணி சார், அந்த ரசீதுக் கணக்கை ஆய்வாளர்கள் ஏன் கட்டாயமாக்கக் கூடாது? பண்ணை வாங்கிய எரிபொருளையும் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்குப் புது இயந்திரம் எதுவும் வேண்டாமே.

பட்டறை_மணி:
ஒரே பீப்பாயிலிருந்து இரண்டு மூன்று ஹெலிகாப்டருக்கு ஊற்றுவார்கள், கணக்கு குழம்பும். ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் எந்த ஹெலிகாப்டருக்கு எத்தனை லிட்டர் என்று எழுத வைத்தால் முடியும். அப்படி எழுதினால், கிளம்பும்போது தொட்டியில் எவ்வளவு இருந்தது என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கும்.