என்செலடஸைச் சுற்றும் கலம் நிற்க வேண்டுமா, விழ வேண்டுமா?

சுழல்பாதை:
சனியின் நிலாக்களை ஒரு விண்பயண சிமுலேட்டருக்கு ஆட்-ஆனாகச் செய்துகொண்டிருக்கிறேன். டைட்டன், ரியா, டயோன் எல்லாம் சிக்கலில்லாமல் வந்துவிட்டன. என்செலடஸில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறேன். மென்பொருள் பேட்ச்டு கானிக்ஸ் முறையில் ஓடுகிறது. அதாவது, கலத்தை ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருள்தான் இழுக்கும். நிலாவின் ஈர்ப்பு எல்லைக்குள் நுழைந்துவிட்டால் சனி கணக்கிலேயே இல்லை. இதை இப்படியே விடலாமா, எல்லா ஈர்ப்பையும் சேர்த்துக் கணக்கிடும் என்-பாடி முறையை எழுதிச் சேர்க்கலாமா?

கலன்ஓட்டி:
இப்படியே விடுங்கள். என்செலடஸுக்கு வருகிறவர் எதற்காக வருகிறார்? தென் துருவத்தில் 130 கி.மீ. நீளத்துக்கு ஓடும், புலிக்கோடுகள் எனப்படும் அந்தப் பனித்தரை விரிசல்களையும் அவற்றிலிருந்து பீறிடும் பனித்துகள்களையும் பார்க்கத்தான். இரு துருவங்களுக்கும் மேலாகச் சுற்றும் துருவப் பாதையில் கலத்தை நிறுத்திவிட்டு நிதானமாகப் பார்க்கட்டும். பேட்ச்டு கானிக்ஸில் பாதை ஒரு சுத்தமான நீள்வட்டம். புதிதாக வருகிறவருக்கும் புரியும். டைம் வார்ப், அதாவது விளையாட்டு நேரத்தை வேகமாக ஓட்டுவதை, எவ்வளவு கூட்டினாலும் கலம் அதே பாதையில் இருக்கும்.

நீள்வட்டம்:
அங்கேதான் இடிக்கிறது நண்பரே. நிஜ என்செலடஸில் அந்தத் துருவப் பாதை நிற்காது. நிலா சனியிலிருந்து 2,38,000 கி.மீ. தூரத்தில் இருக்கிறது, அதன் ஆரமோ வெறும் 252 கி.மீ. தரையிலிருந்து 100 கி.மீ. உயரத்தில் பறக்கும் கலத்தின் மேல் சனியின் ஓத விசை (கலத்தையும் நிலாவையும் சனி இழுப்பதில் உள்ள வித்தியாசம்), நிலாவின் சொந்த ஈர்ப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. பூமியைச் சுற்றும் விண்வெளி நிலையத்தின் மேல் நம் சந்திரன் செலுத்தும் ஓத விசை, பூமியின் ஈர்ப்பில் சுமார் 70 லட்சத்தில் ஒரு பங்குதான். அங்கே விட்டுவிடலாம், இங்கே விட முடியாது. துருவப் பாதையில் வட்டமாக விட்ட கலத்தின் பாதை சில நாட்களிலேயே நீண்டு நீண்டு, தாழ்ந்த முனை தரையில் போய் இடிக்கும். இதைக் காட்டாத என்செலடஸ், படம் ஒட்டிய ஒரு பந்து. அவ்வளவுதான்.

கலன்ஓட்டி:
அப்படிப் பார்த்தால் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராமில் லேத் நிலாவும் படம் ஒட்டிய பந்துதானா? எத்தனை பேர் அங்கே இறங்கிப் பார்த்துத்தான் சுற்றுப்பாதை என்றால் என்ன என்று கற்றுக்கொண்டார்கள்! அதே விளையாட்டில் என்-பாடி கொண்டுவரும் பிரின்சிபியா என்ற கூடுதல் மென்பொருளைப் போட்டால் என்ன நடந்தது? லேத் சுற்றும் ஜூல் கோளின் நிலாக்கள் நிலைக்கவில்லை, அவற்றின் பாதைகளையே மாற்றி அமைக்க வேண்டியிருந்தது. துல்லியத்துக்காக உலகத்தையே திருத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நீள்வட்டம்:
ஜூல் கற்பனைக் கோள். அதன் நிலாக்கள் வேறு கணக்கில் வைக்கப்பட்டவை, அதனால் கலைந்தன. சனியின் நிலாக்கள் நிஜமானவை. நாம் எதையும் திருத்த வேண்டியதில்லை. நிலாக்களை அவற்றுக்குத் தெரிந்த பாதையில் ஓடவிட்டு, கலத்துக்கு மட்டும் எல்லா ஈர்ப்பையும் கூட்டினால் போதும். ஆர்பிட்டர் சிமுலேட்டர் இதைத்தான் செய்கிறது. அது 2000இலேயே வெளிவந்த மென்பொருள்.

தாரகை:
இறங்கும்போது எப்படி இருக்கும் என்பதையும் யாராவது பேசுங்கள். ஈர்ப்பு 0.113 மீ/வி². தரைக்கு 10 மீட்டர் மேலே எஞ்சினை அணைத்தால் தரையைத் தொட 13 விநாடி ஆகும், அதுவும் வினாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில். கலத்தின் கால்கள் வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் எம்பினால்கூட மறுபடி தரைக்கு வர 9 விநாடி. இதை ஒழுங்காகச் செய்தாலே பாதிப்பேர் திருப்தியாகிவிடுவார்கள். எந்த ஈர்ப்பு முறை என்பது எனக்கு இரண்டாம் பட்சம்.

சுழல்பாதை:
தரையிறங்குவது நன்றாகவே வந்திருக்கிறது தாரகை. என்னை உறுத்துவது வேறு. சூத்திரப்படி என்செலடஸின் ஈர்ப்பு எல்லை மையத்திலிருந்து 488 கி.மீ. தரையிலிருந்து பார்த்தால் 236 கி.மீ.தான். பீறிடும் துகள்கள் அதற்கும் மேலே போகின்றன. துகள்களுக்கு நடுவில் பறக்கும்போதே கலம் எல்லையைத் தாண்டுகிறது. திரையில் பாதைக்கோடு சட்டென்று உடைந்து சனியைச் சுற்றும் கோடாக மாறுகிறது. பார்க்கவே சகிக்கவில்லை.

நீள்வட்டம்:
இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்செலடஸுக்குக் கலம் அனுப்பும் ஆர்பிலேண்டர் என்ற திட்டம் இருக்கிறதே, 2022இல் அமெரிக்க அறிவியல் அகாதமிகளின் பத்தாண்டு ஆய்வறிக்கை பரிந்துரைத்தது, அது தென் துருவத்தைப் பார்க்கத் தேர்ந்த வழி ஹேலோ பாதை. சனியும் என்செலடஸும் சேர்ந்து இழுப்பதால் மட்டுமே கிடைக்கிற பாதை அது. பேட்ச்டு கானிக்ஸில் அப்படி ஒன்று இருக்கவே முடியாது. கலன்ஓட்டி கேட்கிற காட்சிக்கு நிஜத்தில் உள்ள நல்ல வழியையே இந்த முறை அடைத்துவிடுகிறது.

கலன்ஓட்டி:
ஹேலோ பாதையைச் சொன்னது நல்ல வாதம், மறுக்கவில்லை. ஆனால் நான் கேட்பது வேறு. ஒருவர் கலத்தை அங்கே விட்டுவிட்டு வேறொரு கலத்தைச் செவ்வாய்க்கு ஓட்டப் போகிறார். வார்ப்பில் ஆறு மாதம் ஓடுகிறது. திரும்பி வந்தால் என்செலடஸ் கலம் நொறுங்கிக் கிடக்கும். அவர் செய்த தவறு என்ன? அப்புறம் கணினிச் சுமை வேறு.

நீள்வட்டம்:
சுமை ஒரு பிரச்சினையே இல்லை. 10 விநாடிக்கு ஒரு படி வைத்தால் ஒரு மாதத்துக்கு 2,59,200 படிகள். இழுப்பது நாலைந்து பொருள்கள். இன்றைய கணினிக்கு இது ஒரு விநாடி வேலைகூட இல்லை. விட்டுப்போன கலத்துக்கு அவ்வப்போது பாதையைத் திருத்தும் தானியங்கியை வைக்கலாம், அதற்கான எரிபொருளைத் தொட்டியில் கழித்துவிடலாம். நிஜக் கலங்களும் அப்படித்தான் பிழைக்கின்றன.

கலன்ஓட்டி:
எரிபொருள் தீர்ந்தால்?

நீள்வட்டம்:
விழட்டும். எத்தனை நாளுக்கு எரிபொருள் இருக்கிறது என்று திரையில் முன்கூட்டியே காட்டுங்கள், போதும்.

கலன்ஓட்டி:
தானியங்கியும் அந்த எண்ணும் முதல் பதிப்பிலேயே வருமென்றால் என் எதிர்ப்பைப் பாதி குறைத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி பாதைக்கோட்டுக்கு. நீள்வட்டம் இல்லாமல் நூல்கண்டு மாதிரி சுற்றிக் கிடக்கும் கோட்டைப் பார்த்துப் புதியவர் எங்கே எஞ்சினைப் போடுவார்? அதற்கு விடை கிடைக்கும் வரை பழைய முறையும் அமைப்புகளில் ஒரு தேர்வாக இருந்தே ஆக வேண்டும்.

சுழல்பாதை:
கோட்டை நிலாவோடு சேர்ந்து சுழலும் சட்டகத்தில் வரைந்து பார்த்தேன். ஹேலோ பாதை அதில் மூடிய வளையமாக, தெளிவாகத் தெரிகிறது. துருவப் பாதைதான் இன்னும் சிக்கலாக இருக்கிறது. என்-பாடி எழுதத் தொடங்குகிறேன். பழைய முறையும் தேர்வாக இருக்கும், ஆனால் அதில் ஈர்ப்பு எல்லையைத் திரையில் ஒரு கோளமாகவே வரைந்து காட்டப் போகிறேன்.