புது டெஸ்க்டாப்புக்கு மாறுகிறேன்: 3.4 டிபி போட்டோக்களுக்கு என்ன வெளி டிஸ்க்?

ஆல்பம்கடை:
இப்போது இருப்பது ஏழாம் தலைமுறை ஐ7. விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. எடுக்கப்போகும் புது கேபினட் சின்னது. உள்ளே 1 டிபி என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி) மட்டும், 3.5 இன்ச் டிஸ்க் மாட்ட இடம் கிடையாது. பழையதில் 2 டிபி சாட்டா டிஸ்க் இரண்டு, டி மற்றும் ஈ டிரைவ்கள். கல்யாண ரா ஃபைல்கள் (கேமரா தரும் மூலப் படங்கள்) மொத்தம் 3.4 டிபி, வருஷத்துக்கு இன்னொரு 1 டிபி சேரும். பழைய டிஸ்க்குகளையே யூஎஸ்பி கேஸில் போட்டு ஓட்டலாமா, 4 டிபி போர்ட்டபிள் வாங்கலாமா? லைட்ரூம் கேட்டலாக் (எந்தப் போட்டோ எங்கே, என்ன எடிட் என்ற பதிவு) உடைந்துவிடக் கூடாது.

சாட்டாகேபிள்:
4 டிபி போர்ட்டபிள் வேண்டாங்க. விண்டோஸில் அது 3.63 என்றுதான் காட்டும். இருப்பதைப் போட்டாலே நிரம்பிவிடும். அந்த 2.5 இன்ச் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை எஸ்எம்ஆர் வகை (தடங்களை ஒன்றின்மேல் ஒன்று சற்றே ஏறும்படி எழுதுவது). கொஞ்ச நேரம் வேகமாக எழுதிவிட்டு, கேஷ் நிரம்பியதும் நொடிக்கு சில பத்து எம்பிக்கு இறங்கிவிடும்.

தனி பவர் அடாப்டரோடு வரும் 8 டிபி 3.5 இன்ச் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். ஒன்று வேலைக்கு, இன்னொன்று அதன் நகல். நகல் கடையில் இருக்கக் கூடாது, வீட்டில் இருக்கட்டும். வாங்குமுன் அந்த மாடலின் டேட்டா ஷீட்டில் சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத வகை) என்று இருக்கிறதா என்று பாருங்கள். 8 டிபியிலும் எஸ்எம்ஆர் உண்டு. கேட்டலாக்கும் ப்ரிவ்யூவும் உள்ளே இருக்கும் என்விஎம்இ-யில். இந்த வாரம் எடிட் ஆகும் ஃபைல்களும் அங்கேயே. வெளி எஸ்எஸ்டி-க்கு இப்போது காசு போட வேண்டியதில்லை.

பழைய டிஸ்க்குகளை நம்பித் தொழில் ஓட்டாதீர்கள். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் ரீஅலோகேட்டட் (பழுதாகி மாற்றப்பட்ட), பெண்டிங் (படிக்கத் திணறும்) செக்டார் எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தால், நகல் எடுத்தபிறகு அலமாரியில் மூன்றாவது பிரதியாக வையுங்கள். பெண்டிங் ஏறிக்கொண்டே போகிறது என்றால் இன்றைக்கே காப்பி எடுங்கள்.

நீலபோர்ட்:
ஒரு முக்கியமான எச்சரிக்கை. பழைய டிஸ்க்கை கேஸில் மாட்டியதும் "இனிஷியலைஸ் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்டால், தயவுசெய்து ஓகே கொடுக்காதீர்கள். சில கேஸ்களின் சிப் செக்டார் அளவை 512 பைட்டுக்குப் பதில் 4096 பைட் என்று காட்டும். அப்போது பார்ட்டிஷன் எதுவும் தெரியாது. டேட்டா அப்படியே இருக்கும். பழைய கம்ப்யூட்டரிலேயே திரும்ப மாட்டினால் படிக்கும். அதனால் பழைய கேபினட்டைக் கழற்றாமல், அதிலேயே புது 8 டிபியைச் சொருகிக் காப்பி எடுப்பதுதான் நல்லது. பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியை முதலில் பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள்.

நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டில் சொருகினால் நொடிக்கு 150 எம்பி கணக்கில் ஏழு மணி நேரம். கறுப்பு யூஎஸ்பி 2 போர்ட் என்றால் ஒன்றேகால் நாள்.

இழுத்துப் போடாமல் ரோபோகாப்பி (விண்டோஸோடு வரும் காப்பி கட்டளை) பயன்படுத்துங்கள். ஆர் சுவிட்ச் (எத்தனை தடவை மறுபடி முயல்வது), டபிள்யூ சுவிட்ச் (நடுவே எத்தனை நொடி காத்திருப்பது) இரண்டுக்கும் 1 கொடுங்கள். கொடுக்காவிட்டால், படிக்க முடியாத ஒரே ஃபைலுக்காக 30 நொடிக்கு ஒருமுறை பத்து லட்சம் தடவை முயலும். காலையில் வந்து பார்த்தால் அதே இடத்தில் நிற்கும். எம்ஐஆர் சுவிட்ச் மட்டும் வேண்டாம். மூலத்தில் இல்லாததையெல்லாம் போகுமிடத்தில் அழித்துவிடும். இரண்டு டிஸ்க்கை ஒன்றில் கொட்டும்போது ஈ ஓடி முடிந்ததும் டி காணாமல் போயிருக்கும்.

ஆல்பம்கடை:
நன்றி. புது டிஸ்க்கை ஃபார்மட் செய்வது எக்ஸ்ஃபேட்டிலா, என்டிஎஃப்எஸ்ஸிலா? இரண்டு டிரைவ் ஒன்றானால் லைட்ரூம் என்ன செய்யும்?

சாட்டாகேபிள்:
மேக்கில் எழுத வேண்டியிருந்தால் மட்டும் எக்ஸ்ஃபேட். அதில் ஜர்னல் (செய்யும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவு) கிடையாது. எழுதும்போது கரண்ட் போனால் சேதம் அதிகம். உங்களுக்கு என்டிஎஃப்எஸ்தான், ஜிபிடி பார்ட்டிஷனோடு. பழைய பார்ட்டிஷன் முறையான எம்பிஆர் என்றால் 2 டிபிக்கு மேல் தெரியாது.

புது கம்ப்யூட்டரில் டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து 8 டிபிக்கு டி என்றே எழுத்து கொடுங்கள். பழைய டி-யில் இருந்த ஃபோல்டர்களை அதே பெயரில் மேல்மட்டத்திலேயே வைத்தால், கேட்டலாக் எதுவும் கேட்காமல் திறக்கும். ஈ-யில் இருந்தவை கேள்விக்குறியோடு நிற்கும். அந்தந்த மேல் ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து, காணாமல்போன ஃபோல்டரைத் தேடு என்பதில் புது இடத்தைக் காட்டினால் போதும், எடிட்டுகள் அப்படியே இருக்கும். எக்ஸ்ப்ளோரரில் பெயர் மாற்றுவது, உள்ளே நகர்த்துவது எல்லாம் இதற்குப் பிறகுதான்.

நீலபோர்ட்:
யூபிஎஸ் இருந்தால் வெளி டிஸ்க்கின் அடாப்டரையும் அதிலேயே சொருகுங்கள். பல இடங்களில் கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் ஓடும், டிஸ்க் சுவர் பிளக்கில் இருக்கும். கரண்ட் போனதும் டிஸ்க் மட்டும் பாதி எழுத்தில் நின்றுவிடும். பழைய டிஸ்க்குகளை அழிப்பதற்கு முன் ஃப்ரீஃபைல்சிங்க் மென்பொருளில் உள்ளடக்கத்தை வைத்து ஒப்பிடும் முறையை இரண்டு நகலுக்கும் ஓட்டிவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இன்னொரு ஏழு மணி நேரம் ஆகும்.