ஹெலிகாப்டரில் நோயாளியை ஏற்றி அனுப்பிய அனுபவம் உண்டா?

புதுச்சேரியில் பதினாறு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். ஸ்ட்ரெச்சர் நகர்ந்தாலே டிரிப்ஸ் பாட்டிலோடு என் கை தானாக மேலே போய்விடும். அந்தப் பழக்கம் லாஸ்பேட்டை விமான நிலையத்தில் ஒரு நாள் என் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

விபத்தில் விலா எலும்பு முறிந்த ஒருவரைச் சென்னைக்கு அனுப்பினோம். நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்திருந்தது. உயரே போகப் போக அந்தக் காற்று விரியும் என்பதால் டாக்டர் முன்னாடியே நெஞ்சில் குழாய் போட்டுவிட்டார். ஹெலிகாப்டர் இறங்கி, இறக்கை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மெதுவாகத்தானே சுற்றுகிறது, போகலாம் என்று நினைத்தேன். தப்புக் கணக்கு. வேகம் குறையும்போதுதான் இறக்கையின் நுனி கீழே தொங்கும். கடல்காற்று ஒரு தள்ளு தள்ளினால் இன்னும் இறங்கும். பாட்டிலைத் தூக்கிக்கொண்டு இரண்டு எட்டு வைத்திருப்பேன், கூட வந்த வார்டு அண்ணன் என் முழங்கையைப் பிடித்துக் கீழே இழுத்தார். "கையை இறக்குங்க சிஸ்டர்!" என்று அவர் கத்தியது அந்த இரைச்சலில் காதில் விழவில்லை, வாயசைவில்தான் புரிந்தது.

நோயாளிக்கு ஓடியது வெறும் சலைன். அதை மூடி, பாட்டிலைக் கால்களுக்கு நடுவே வைத்து பெல்ட்டுக்குள் செருகினோம். விமானி கட்டைவிரலைக் காட்டிய பிறகு, அவர் கண்ணில் படும்படி முன்பக்கமாகக் குனிந்து போனோம். வால் பக்கம் போகவே கூடாது. அங்கே சுற்றும் விசிறி கண்ணுக்கே தெரியாது.

கடலூரிலிருந்து ஓர் ஆம்புலன்ஸ் ஓட்டுநரின் பதில்:

சிஸ்டர், எங்களுக்குப் பேரிடர் ஒத்திகையில் நடந்தது இது. பள்ளி மைதானத்தில் நூறு அடிக்கு நூறு அடி இடம் ஒதுக்கி, புழுதி கிளம்பாமல் தண்ணீர் தெளித்துவிட்டோம். ஓரத்தில் கிடந்த ஒரு தகரத்தை யாரும் கவனிக்கவில்லை. ஹெலிகாப்டர் தாழ வந்ததும் அது எழும்பி, காம்பவுண்டு சுவரில் போய் மோதியது. பார்க்க வந்த பிள்ளைகளை அப்போதுதான் சுவருக்கு வெளியே அனுப்பியிருந்தோம். 'தானே' புயலைப் பார்த்த ஊர் எங்களுடையது, தகரம் பறந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்கே தோன்றாமல் போனது இன்னும் உறுத்துகிறது.

புதுச்சேரியிலிருந்து ஒரு மருத்துவரின் பதில்:

நான் விமானியிடம் கெஞ்சியவன். "ஐந்து வயதுக் குழந்தை சார், எப்படியாவது கிளம்புங்க" என்றேன். ஹெலிகாப்டர் குழுவில் வந்த நர்ஸ் என்னைத் தனியே அழைத்து, "அவரிடம் நோயாளியைப் பற்றிப் பேசாதீங்க டாக்டர். மேகத்தை மட்டும் பார்த்து அவர் முடிவு செய்யட்டும். எங்களில் ஒருத்தர் வேண்டாம் என்றாலும் கிளம்ப மாட்டோம்" என்றார். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. குழந்தையைச் சாலை வழியாகவே கொண்டுபோனோம். திண்டிவனம் தாண்டியதும் மழை கொட்டி, முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்குகூடத் தெரியாமல் ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டினார். குழந்தையின் கையைப் பிடித்தபடி, இதற்குள்தான் அவரைப் பறக்கச் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.