மறுமொழி: பாலியமரிக்கு ‘பல்காதல்’ சரியா?

எல்லாருக்கும் வணக்கம். பாலியமரி, அதாவது சம்பந்தப்பட்ட எல்லாரும் தெரிந்து ஒத்துக்கொள்ள, ஒருவர் ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களைக் காதலிப்பது. இதற்குத் தமிழில் ‘பல்காதல்’ சரியா, வேறு சொல் வேண்டுமா என்று நீங்கள் எழுதியவற்றுக்கு என் பதில் இது.

முதலில் ‘பலதார மணம்’ போதும் என்ற பேராசிரியர் ஐயாவுக்கு. தாரம் என்றால் மனைவி. ஒரு ஆண், பல மனைவியர் என்ற படம் சொல்லிலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது. பாலியமரியில் ஒரு பெண்ணுக்கு இரண்டு இணைகள் இருக்கலாம், கல்யாணப் பேச்சே இல்லாமலும் இருக்கலாம். அப்புறம், கணவனோ மனைவியோ இருக்கும்போது சட்டப்படி செல்லாத இன்னொரு திருமணம் செய்தால் பாரதிய நியாய சன்ஹிதா 82-ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை. நம் சொல்லை நம்பி ஒரு நிருபர் செய்தி எழுதினால், யாரையும் ஏமாற்றாத ஆள்மேல் வழக்கு வாசனை அடிக்கும். எனவே வேண்டாம் ஐயா.

‘பல்லுறவு’ சொன்ன தோழியிடம் பிழை இல்லை, பிழை நாளிதழ்களிடம். உறவு என்ற நல்ல சொல்லை அவை படுத்தியிருக்கும் பாட்டில், அத்தை மாமா எல்லாம் வெளியே போய்ப் படுக்கையறை மட்டும் மிஞ்சியிருக்கிறது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நான் டீ குடிக்கும் கடையில் ‘கள்ளக்காதல்’, ‘உல்லாசம்’ இரண்டையும் உரக்கப் படித்துவிட்டுத்தான் அரசியல் பக்கத்துக்கே போவார்கள். அந்தச் செய்தி பெரும்பாலும் ஒரு கொலையில் முடியும். இப்படி வாழ்பவர்களோ, ‘எங்களிடம் கள்ளமே கிடையாது, சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் ஒத்துக்கொண்டதுதான், அதனால்தான் இதற்குத் தனிப் பெயரே வேண்டியிருக்கிறது’ என்கிறார்கள். ஆங்கில இதழ்கள் கள்ளக்காதல் என்று எழுதுவதில்லை, சரி, ஆனால் கட்டுரைக்குப் படம் என்னவென்று பாருங்கள்: போர்வைக்கு வெளியே ஆறு பாதங்கள்! எனக்குத் தெரிந்த ஒருவர் (பெயர் வேண்டாம், இதே ஊர்தான்) சிரித்துக்கொண்டே சொன்னார், ‘எத்தனை கட்டில் என்று எல்லாரும் கேட்கிறார்கள், எத்தனை காலண்டர் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எங்கள் பொழுதெல்லாம் யார் எந்தக் கிழமை எங்கே என்று பேசுவதிலேயே போகிறது.’

ஆகவே மணமும் உறவும் வேண்டாம், ‘காதல்’தான் வேண்டும் என்பது என் கட்சி. மூலச்சொல்லிலும் அதுதான் இருக்கிறது. 1990-இல் மார்னிங் குளோரி ஜெல் என்ற அமெரிக்கப் பெண்மணி ஒரு கட்டுரையில் இதைப் பெயரடையாகப் புழங்கினார், 1992-இல் யூஸ்நெட் என்ற அந்தக்கால இணைய விவாத மேடையில் இதே பெயரில் ஒரு குழு தொடங்கியது. இப்படி வாழ்பவர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர் அது. பாதி கிரேக்கம் (‘பாலி’ என்றால் பல), பாதி லத்தீன் (‘அமோர்’ என்றால் காதல்), கலப்பு என்று அங்கேயும் முகம் சுளித்தவர்கள் உண்டு. இங்கே பிரெஞ்சு சொல்லித்தரும் நண்பர், ‘எங்களுக்குச் சிக்கலே இல்லை, பொலியமூர் என்றால் பின்பாதி அன்றாடச் சொல், பாட்டிக்கும் புரியும்’ என்றார். காதலும் அப்படித்தானே?

‘பல்காதல்’ என்றால் பல் மருத்துவர் ஞாபகம் வருகிறது என்ற கிண்டலுக்கு: வாயில் இருக்கும் பல், பற்பசை, பற்பொடி என்று திரிந்து வரும். ‘பல’ என்ற பொருளில் பல்கலை, பல்பொருள் அங்காடி என்று அப்படியே நிற்கும். புழக்கமே பிரித்துக் காட்டிவிட்டது. ‘பன்காதல்’ வேண்டாம். பன்மொழி, பன்னாடு என்று மெல்லினத்துக்கு முன்னால்தான் அது இயல்பு.

எனக்கு உண்மையில் இடிப்பது ஆளைக் குறிக்கும் சொல். ‘பல்காதலர்’ என்றால் பல காதலர்கள் என்று ஆகிவிடுகிறது. தன்பாலீர்ப்பு உள்ளிட்டவற்றுக்குத் தமிழ்நாடு அரசு 2022-இல் அரசிதழில் வெளியிட்ட சொற்பட்டியலைப் பார்த்து (நாம் எல்லைக்கு இந்தப் பக்கம் என்றாலும் நல்ல சொல்லுக்குச் சோதனைச்சாவடி கிடையாது) ‘பல்லீர்ப்பாளர்’ என்றார் ஒருவர். ஈர்ப்பு என்றதும் பிறவிக்குணம் என்றாகிவிடும். இதில் அவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை, சிலர் ‘நான் இப்படித்தான் பிறந்தேன்’ என்கிறார்கள், சிலர் ‘யோசித்துத் தேர்ந்தெடுத்த வாழ்க்கை’ என்கிறார்கள். அவர்கள் முடிக்காத வழக்கில் நாம் ஏன் தீர்ப்பு எழுத வேண்டும்? ‘பல்காதலாளர்’ இரண்டுக்கும் இடம் விடுகிறது.

மெட்டமோர், அதாவது என் இணைக்கு இணையாக இருக்கும் இன்னொருவர்: இதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது, சக்களத்தி! சொன்னதுமே தலைமுடிப் பிடி சண்டை கண்முன் வரும், ஆண்பாலும் கிடையாது. ஓரகத்தியை ஒட்டி ‘ஓரிணையர்’ என்று கட்டிப் பார்த்தேன். ஓர் இணையைப் பகிர்பவர். செயற்கையாக இருக்கிறதென்றால் ‘இணையின் இணை’ என்றே விட்டுவிடலாம்.

மிச்சம் இருப்பது கம்பெர்ஷன். சான் பிரான்சிஸ்கோவில் கெரிஸ்டா என்ற கூட்டுக்குடியினர் உண்டாக்கிய சொல், தன் இணை வேறொருவரோடு மகிழ்ந்திருப்பதைக் கண்டு தனக்கும் வரும் மகிழ்ச்சி. ஊடலுக்கு நம்மிடம் திருக்குறளில் அதிகாரமே இருக்கிறது, இதற்கு ஒன்றும் அகப்படவில்லை. ‘உடனுவகை’ என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன், எனக்கே பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது நல்லதாக ஒன்று சொல்லுங்கள், மற்றவற்றை விக்சனரியில் ஏற்றிவிடுகிறேன்.