ஹுக்கப் இல்லாத இடத்தில் ஆர்.வி. பேட்டரி: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

அரிசோனாவில் குவார்ட்ஸைட் ஊரைச் சுற்றியுள்ள பாலைவனத்தில்தான் குளிர்காலத்தில் ஆர்.வி.யை, அதாவது வீடு மாதிரி தங்கும் வண்டியை, போட்டுத் தங்குவோம். வண்டி நிற்கும் இடத்தில் கரண்ட், தண்ணீர், கழிவுக் குழாய் இணைப்பு (இதைத்தான் ஹுக்கப் என்பார்கள்) எதுவும் கிடையாது. லா போஸா பகுதியில் அனுமதிச் சீட்டு வாங்கினால் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை இருக்கலாம். அங்கே யாருடன் பேச உட்கார்ந்தாலும் பேச்சு கடைசியில் பேட்டரிக்குத்தான் வரும்.

"எத்தனை ஆம்பியர்-அவர் (பேட்டரியின் கொள்ளளவு) வாங்கலாம்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதைத் தினமும் எப்படி நிரப்பப் போகிறீர்கள் என்பதை முதலில் யோசியுங்கள். பக்கத்து வண்டிப் பெரியவரின் பேட்டரியைப் பார்த்த பிறகு இதை யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை.

அவரிடம் இருந்தவை கால்ஃப் வண்டிக்குப் போடும் 6 வோல்ட் லெட்-ஆசிட் (ஈயமும் அமிலமும் உள்ள) பேட்டரிகள் நான்கு. இரண்டிரண்டாகச் சேர்த்து 12 வோல்ட், மொத்தம் ஏறக்குறைய 450 ஆம்பியர்-அவர். லெட்-ஆசிட்டைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதில் கண்டிப்பானவர். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றவும் மறக்க மாட்டார். அப்படியும் இரண்டாவது குளிர்காலத்தில், விடிவதற்குள் ஃபர்னஸ் (வண்டியைச் சூடாக்கும் கருவி, அதன் ஃபேன் பேட்டரியில் ஓடும்) நின்றுபோக ஆரம்பித்தது. ஒருநாள் மூடிகளைக் கழற்றி, ஒவ்வொரு செல்லிலும் அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை விட்டு உறிஞ்சிக் காட்டினார். அப்போதுதான் சார்ஜ் போட்டு முடித்திருந்தார். ஆனால் மிதவை 1.22-ஐத் தாண்டவில்லை. முழுசாக ஏறியிருந்தால் 1.265-ஐ ஒட்டி நிற்க வேண்டும்.

தினமும் காலையில் இரண்டு மணி நேரம் ஜெனரேட்டர் ஓட்டுவது அவர் வழக்கம். சிக்கல் அதில்தான். லெட்-ஆசிட் 80 சதவீதம் வரை மளமளவென்று வாங்கும். அதற்கு மேல் எவ்வளவு பெரிய சார்ஜரைப் போட்டாலும் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். கடைசி 20 சதவீதத்துக்கு மட்டும் நாலைந்து மணி நேரம் ஆகிவிடும். அவ்வளவு நேரம் யார் ஜெனரேட்டர் ஓட்டுவார்கள்? எரிபொருளும் வீண், அக்கம்பக்கத்துக்கும் தொந்தரவு. நிரம்பாமலே வாரக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். அப்புறம் பழைய கொள்ளளவு திரும்பாது. சோலார் மிச்சத்தை நிரப்பிவிடும் என்று நம்பவும் முடியாது. டிசம்பரில் அங்கே உச்சிவெயில் நேரத்திலேயே சூரியன் 33 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். கூரையில் படுக்கையாகக் கிடக்கும் பேனல்மேல் நேர்வெயில் பாதியளவே விழும்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியின் பெரிய லாபம் இங்கேதான். கிட்டத்தட்ட நிரம்பும் வரை ஒரே வேகத்தில் வாங்கும். பாதியில் நிறுத்தினாலும் கெடாது. எங்கள் வண்டியில் ஃபர்னஸ் ஃபேன் 8 ஆம்பியர் இழுக்கும். ராத்திரியில் மொத்தம் ஆறு மணி நேரம் ஓடினால் 48 ஆம்பியர்-அவர். விளக்கு, பம்ப், ஃபோன் எல்லாம் சேர்த்து 75-க்குள் அடங்கிவிடும். 200 ஆம்பியர்-அவர் லித்தியம் எங்களுக்குத் தாராளம். விலை அதிகம்தான். ஆனால் மாதக்கணக்கில் பாலைவனத்தில் இருப்பவர்களுக்கு வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன்.

— — —

மேலே சொன்னது சரி. ஆனால் குளிரையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம், 7,000 அடி உயரத்தில் நண்பரோடு தங்கியிருந்தோம். அவருடைய லித்தியம் பேட்டரி வெளிப்பக்கப் பெட்டியில் இருந்தது. காலையில் நல்ல வெயில். பேனலில் வோல்டேஜ் காட்டுகிறது, பேட்டரிக்குள் போவது 0 ஆம்பியர். மதியம்வரை அப்படியே. 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதமாகிவிடும். அதனால் உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் மின்னணுச் சுற்று) சார்ஜுக்குக் கதவைச் சாத்திவிடுகிறது. அவர் இப்போது பேட்டரியைக் கட்டிலுக்கு அடியில் மாற்றிவிட்டார். தண்ணீர் ஊற்றும் லெட்-ஆசிட்டை அப்படி வைக்க முடியாது, அது ஹைட்ரஜன் வாயுவை விடும். இடமில்லாதவர்கள் ஹீட்டர் உள்ள மாடலைப் பாருங்கள்.

இன்னொன்று. இன்ஜின் ஆல்டர்னேட்டரிலிருந்து சார்ஜ் செய்வதாக இருந்தால் நடுவில் டிசி-டிசி சார்ஜர் (கரண்டை அளவோடு கொடுக்கும் கருவி) கட்டாயம். இல்லையென்றால், ஆல்டர்னேட்டர் கொடுப்பதையெல்லாம் லித்தியம் வாங்கிக்கொண்டே இருக்கும். ஆல்டர்னேட்டர் சூடேறிப் புகைந்துவிடும்.

— — —

நாங்கள் வருஷத்தில் ஓரிரு வார இறுதிக்குத்தான் வெளியே போகிறோம். மற்ற நாளெல்லாம் வண்டி வீட்டு வாசலில் பிளக்கில் கிடக்கும், தானாக முழுசாக நிரம்பிவிடும். இந்த மாதிரி உபயோகத்துக்கு இரண்டு கால்ஃப் வண்டி பேட்டரி போதும். லித்தியத்துக்குக் கொடுக்கும் பணத்தை நாங்கள் பேனலில் போட்டோம்.

— — —

உங்கள் நிலைமைக்கு அதுதான் சரி. லித்தியத்துக்கு மாறுபவர்கள் ஷன்ட் வைத்த மானிட்டரையும் (பேட்டரிக்குள் போகும், வரும் கரண்டை அளந்து மிச்சத்தைச் சொல்லும் கருவி) சேர்த்தே வாங்கிவிடுங்கள். லெட்-ஆசிட் 12.1 வோல்ட் காட்டினால் பாதி தீர்ந்தது என்று தெரியும். லித்தியம் பெரும்பகுதி நேரம் 13.2-ஐ ஒட்டியே காட்டிக்கொண்டிருக்கும், கடைசியில் சட்டென்று விழும். வோல்ட் மீட்டரை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது.