மலை இருந்தும் அலானியா ஏன் வீழ்ந்தது?

வெள்ளவத்தை வாசகன்:
வணக்கம். மங்கோலியர் படையெடுப்பைப் பற்றி வாசித்துக்கொண்டு போனதில் அலானியாவில் வந்து நின்றுவிட்டேன். காக்கசஸ் மலையின் வடபக்கத்தில் 9ஆம் நூற்றாண்டு தொடங்கி 13ஆம் நூற்றாண்டு வரை அலானியர் ஆண்ட இராச்சியம். கொழும்பில் இருக்கிற எங்களுக்கு மலை இராச்சியம் என்றால் கண்டிதான் நினைவுக்கு வரும். போர்த்துக்கீசர் ஏறினார்கள், ஒல்லாந்தர் ஏறினார்கள், காடும் கணவாயும் இருந்ததால் ஒருவராலும் அதைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை, 1815 வரை நின்றது. அலானியரிடம் அதைவிட எவ்வளவோ உயரமான மலை இருந்தது. பிறகு ஏன் மங்கோலியர் வந்து இருபது வருஷத்துக்குள் எல்லாம் முடிந்தது?

ஏடு தேடி:
தம்பி, அலானியாவின் பலம் மலை மட்டும் இல்லை. அடிவாரத்து வயலும் புல்வெளியும் குதிரைப்படையும்தான் அதன் உயிர். 10ஆம் நூற்றாண்டில் எழுதிய அரபு அறிஞர் மசூதி, அந்த அரசன் 30,000 குதிரை வீரரைத் திரட்டக்கூடியவன் என்கிறார். ஒரு ஊரில் சேவல் கூவினால் அடுத்தடுத்த ஊர்ச் சேவல்கள் பதில் கூவுமாம், அவ்வளவு நெருக்கமான குடியிருப்பு. காக்கசஸைக் கடக்கும் தரியால் கணவாயில் பாறை உச்சியில் ஒரு கோட்டை, அதற்குள்ளேயே நல்ல தண்ணீர் ஊற்று, கீழே பாலம். சிலர் இருந்தாலே போதும், ஒரு படையை நிறுத்திவிடலாம். ஆனால் மங்கோலியர் வந்தபோது காக்க வேண்டியிருந்தது அந்தக் கணவாயை மட்டும் இல்லை, திறந்து கிடந்த வயலையும் ஊர்களையும்தான்.

கோட்டை வீதி:
மேலே சொன்னது சரி, ஆனால் முக்கிய காரணம் ஒற்றுமை போனது என்றுதான் நான் நினைக்கிறேன். 1222இல் மங்கோலியத் தளபதிகள் ஜெபேயும் சுபுதாயும் வந்தபோது அலானியரும், பக்கத்துப் புல்வெளியில் வாழ்ந்த துருக்கிய நாடோடிகளான கிப்சாக்குகளும் சேர்ந்து நின்றார்கள், முதல் மோதலில் யாருக்கும் வெற்றி இல்லை. உடனே மங்கோலியர் கிப்சாக்குகளுக்குப் பொருளை அனுப்பி, நாமும் நீங்களும் ஒரே இனம், இவர்கள் வேறு ஆட்கள், விட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள். அவர்களும் போய்விட்டார்கள். தனித்து நின்ற அலானியரை முறியடித்த பிறகு அதே கிப்சாக்குகளைத் துரத்திப்போய் அடித்து, கொடுத்ததையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

அதோடு பாடம் படித்திருக்கலாம், படிக்கவில்லை. 1230களில் அந்தப் பக்கம் போன ஹங்கேரியத் துறவி ஜூலியன், எத்தனை ஊரோ அத்தனை தலைவர், ஒருவன் இன்னொருவனுக்குக் கீழ்ப்படிவதில்லை, ஊருக்கு ஊர் ஓயாத சண்டை என்று எழுதுகிறார். ஆயுதத்தோடுதான் வயலுக்கே போனார்களாம். மசூதி கண்ட அலானியா எங்கே, இது எங்கே! 1239–40 குளிர்காலத்தில் தலைநகர் மகாஸ் முற்றுகையில் விழுந்தது, அது எந்த இடத்தில் இருந்தது என்றுகூட இன்றைக்கு ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. கண்டியையே எடுங்கள், 1815இல் ஆங்கிலேயருக்கு வழி திறந்தது, பிரதானிகள் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனைக் கைவிட்டதால்தானே?

வெள்ளவத்தை வாசகன்:
நன்றி அண்ணா, அந்தக் கண்டி விஷயம் நெஞ்சில் தைத்தது. அப்புறம் அந்த மக்கள் என்ன ஆனார்கள்?

பம்பலப்பிட்டி மலர்:
பல பக்கம் சிதறினார்கள். ஒரு பகுதியினர் ஹங்கேரிக்குப் போனார்கள், யாஸ்பெரேன் நகரம் அவர்கள் வழிவந்தவர்களுடையது. இன்னொரு பகுதியினரை மங்கோலியர் சீனாவரை கொண்டுபோய்க் காவல் படையில் சேர்த்தார்கள். அவர்களுடைய தலைவர்கள் 1336இல் அங்கிருந்து போப்பாண்டவருக்கே கடிதம் எழுதி, தங்களுக்கு ஒரு குருவை அனுப்பும்படி கேட்டிருக்கிறார்கள், அத்தனை தூரம் போயும் கிறிஸ்தவத்தை விடவில்லை.

மலைக்குள் ஒதுங்கியவர்களின் வழியில்தான் இன்றைய ஒசேத்தியர் வருகிறார்கள். ஈரானிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த அவர்கள் மொழி இன்றும் வீட்டில் பேசப்படுகிறது. அதனால் மலை பயன்படவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அரசு போனது, மக்களை அது காப்பாற்றியது. படம் பார்க்க விருப்பம் என்றால் பழைய அலானியா இருந்த வட காக்கசஸின் செலென்சுக் பள்ளத்தாக்கில் உள்ள கல் தேவாலயங்களைத் தேடுங்கள், ஆயிரம் வருஷமாகியும் கூரையோடு நிற்கின்றன.